ஏழு நாள், முப்பது நாள், ஓராண்டு: யூதர்களின் துக்க மரபு - சந்தேகங்களும் விளக்கங்களும்

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளில் தென் கொரியா, ஜப்பான், பிரான்ஸ், ஜெர்மனி எனப் பல நாட்டு நிறுவனங்களின் ஆலைகள் இயங்குகின்றன. உடன் பணியாற்றுபவர் வீட்டில் இறப்பு நேர்ந்தால் பதினாறாம் நாள் காரியம், நாற்பதாம் நாள் ஜெபம் போன்றவை இப்பகுதியினருக்குப் பழகியவை. வெளிநாட்டிலிருந்தோ மும்பை, கொச்சியிலிருந்தோ பணிக்கு வந்த ஒருவர் யூதராக இருந்து, ‘ஷிவா’ இருப்பதற்காக விடுப்புக் கேட்டால் அதன் பொருள் பலருக்குப் புரியாமல் போகக்கூடும். துக்கத்தில் இருப்பவரே தம் மரபை ஒவ்வொருவருக்கும் விளக்க நேர்வது பெரும் சுமை. அந்தச் சுமையைக் குறைக்கும் நோக்கில், பொதுவாக எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

அடிப்படைத் தகவல்கள்

‘ஷிவா’ என்றால் என்ன? சிவபெருமான் வழிபாட்டுடன் அதற்குத் தொடர்பு உண்டா?

தொடர்பு இல்லை, ஒலி ஒற்றுமை மட்டுமே. எபிரேய மொழியில் ‘ஷிவா’ என்பது ஏழு என்ற எண்ணைக் குறிக்கும். நெருங்கிய உறவினரை அடக்கம் செய்தபின் குடும்பத்தினர் வீட்டிலேயே தங்கித் துக்கம் காக்கும் ஏழு நாட்களுக்கு அதுவே பெயராயிற்று. அந்நாட்களில் தாழ்வான இருக்கையில் அமர்வதால், ‘ஷிவா அமர்தல்’ என்று யூதர்கள் குறிப்பிடுகின்றனர்.

துக்க காலம் மொத்தம் எத்தனை நாள்?

துக்க காலம் படிப்படியாகத் தளரும் கட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளது. இறப்பு முதல் அடக்கம் வரை உள்ள நேரம் ‘அனினுத்’. அடக்கத்திலிருந்து 7 நாள் ‘ஷிவா’. அந்த 7 நாளையும் சேர்த்து 30 நாள் ‘ஷ்லோஷிம்’. தந்தை அல்லது தாய் இறந்திருந்தால் துக்க காலம் 12 மாதம் வரை நீளும். மற்ற உறவினர்களுக்கு 30-ஆம் நாளுடன் நிறைவடையும்.

யார் இறந்தால், யார் துக்கம் காக்க வேண்டும்?

தந்தை, தாய், மகன், மகள், சகோதரர், சகோதரி, கணவர் அல்லது மனைவி ஆகிய ஏழு உறவுகளில் ஒருவர் இறந்தால் மட்டுமே இது கடமை. ஆண், பெண் இருவருக்கும் இது பொருந்தும். 13 வயது நிறையாத சிறுவர்களுக்கும் 12 வயது நிறையாத சிறுமிகளுக்கும் மரபுப்படி கட்டாயம் இல்லை.

மாமனார், மாமியார், தாத்தா, பாட்டி இறந்தால்?

இவர்கள் அந்த ஏழு உறவுகளில் அடங்குவதில்லை என்பதால் ஷிவா கட்டாயம் அல்ல. ஆயினும் துக்கம் காக்கும் கணவருக்கோ மனைவிக்கோ பெற்றோருக்கோ துணையாகப் பலர் அந்நாட்களில் வீட்டில் இருப்பதுண்டு. தமிழகத்தில் பல சமூகங்களில் பங்காளிகள் அனைவருக்கும் தீட்டு உண்டு. யூத மரபில் பங்காளி என்ற கணக்கு இல்லை.

இறப்பு முதல் அடக்கம் வரை

எத்தனை மணி நேரத்துக்குள் அடக்கம் செய்ய வேண்டும்?

கூடியவரை அன்றைக்கே, அல்லது 24 மணி நேரத்துக்குள் அடக்கம் செய்வது மரபு. வெள்ளிக்கிழமை சூரிய மறைவு முதல் சனிக்கிழமை இரவு வரையிலான ஓய்வுநாளிலும், ‘யோம் கிப்பூர்’ நோன்பு நாளிலும் அடக்கம் செய்வதில்லை. தொலைவிலிருந்து பிள்ளைகள் வந்து சேர்வதற்காகவோ அரசு ஆவணங்களுக்காகவோ தாமதிப்பது இறந்தவருக்குச் செய்யும் மரியாதையாகக் கருதப்பட்டு அனுமதிக்கப்படுகிறது. அதுவரை துக்கப்படுபவருக்கு அடக்க ஏற்பாடு ஒன்றே கடமை. அன்றாட வழிபாட்டிலிருந்தும் அவருக்கு விலக்கு உண்டு.

உடல் எவ்வாறு தயார் செய்யப்படுகிறது?

‘செவ்ரா கடிஷா’ எனப்படும் தன்னார்வக் குழுவினர் உடலைக் கழுவித் தூய்மைப்படுத்துவர்; ஆண் உடலை ஆண்களும், பெண் உடலைப் பெண்களும் கழுவுவர். பின்னர் எளிய வெள்ளைத் துணியில் தைத்த ஆடை அணிவிக்கப்படும். அந்த ஆடையில் பை கிடையாது. செல்வர், ஏழை எவருக்கும் ஒரே துணி, ஒரே தையல். குளிப்பாட்டுதல், வெள்ளைத் துணி, விரைவான அடக்கம் ஆகியவற்றில் இஸ்லாமியர் வழக்கத்துடன் ஒற்றுமை காணப்படுகிறது.

உடலை எரிக்கலாமா? உடற்கூறாய்வு செய்யலாமா?

மரபு எரியூட்டுவதை ஏற்பதில்லை. மண்ணில் அடக்கம் செய்வதே விதி. உடற்கூறாய்வும் கூடியவரை தவிர்க்கப்படுகிறது. எனினும் விபத்து, தற்கொலை, சந்தேக மரணம் ஆகியவற்றில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 194-ஆவது பிரிவின்படி போலீஸ் விசாரணை நடைபெறும். அதன் பகுதியாக உடற்கூறாய்வு தேவைப்பட்டால் மத அடிப்படையில் விலக்குக் கோர இயலாது.

சட்டையைக் கிழித்துக்கொள்வது ஏன்?

இது ‘கெரியா’ எனப்படும். துக்கப்படுபவர் நின்றபடி தம் மேலாடையின் கழுத்தோரத்தில் சுமார் ஒரு கையகலம் கிழித்துக்கொள்வார். பெற்றோருக்காக என்றால் இதயம் உள்ள இடப்புறம், மற்றவர்களுக்கு வலப்புறம். மற்ற உறவினருக்காகக் கிழித்த ஆடையை 30 நாட்களுக்குப் பின் முறையாகத் தைத்துக்கொள்ளலாம். பெற்றோருக்காகக் கிழித்ததை என்றைக்குமே பழையபடி தைப்பதில்லை. சில பிரிவினர் ஆடைக்குப் பதில் சட்டையில் குத்திய கறுப்பு நாடாவைக் கிழிக்கின்றனர்.

மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து மண் தள்ளுவது எதற்காக?

குழியில் முதல் மண்ணை இரும்புத் தகட்டின் பின்புறத்தால் தள்ளுவது பல சமூகங்களின் வழக்கம். மற்ற வேலைகளைப் போல இதைச் சுலபமாகச் செய்துவிட மனம் வரவில்லை என்பதை அது காட்டுகிறது. ஒருவர் முடித்ததும் மண்வெட்டியை அடுத்தவர் கையில் கொடுப்பதில்லை. தரையில் வைப்பார், அடுத்தவர் தாமே எடுத்துக்கொள்வார்.

ஏழு நாள்

ஏழு நாள் எந்த நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது?

இறந்த நாளிலிருந்து அல்ல, அடக்கம் நடந்த நாளிலிருந்து. சூரியன் மறைவதற்குள் அடக்கம் முடிந்தால் அந்த நாளே முதல் நாள். ஏழாம் நாளில் காலையில் சிறிது நேரம் அமர்ந்தாலே முழு நாளாகக் கொள்ளப்படும். எடுத்துக்காட்டாக, செவ்வாய்க்கிழமை பிற்பகல் அடக்கம் நடந்தால், அடுத்த திங்கள்கிழமை காலையில் ஷிவா முடிவடையும்.

இடையில் ஓய்வுநாளோ பண்டிகையோ வந்தால்?

ஓய்வுநாள் ஏழு நாள் கணக்கில் சேரும். ஆனால் அன்று கிழிந்த ஆடை, தாழ்வான இருக்கை போன்ற வெளிப்படையான துக்கக் குறிகள் விலக்கப்படும். ஷிவா தொடங்கியபின் பெசாக், ஷவுவோத், சுக்கோத், ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர் ஆகியவற்றில் ஒன்று வந்தால் மீதமுள்ள ஷிவா நாட்கள் ரத்தாகும். பெசாக் அல்லது சுக்கோத் பண்டிகையின் நடுவே அடக்கம் நடந்தால், பண்டிகை முடிந்த பிறகே ஷிவா தொடங்கும்.

அந்த ஏழு நாட்களில் எவை விலக்கு?

வேலை, வியாபாரம், சவரம், முடிவெட்டு, இன்பத்துக்கான குளியல், தோல் காலணி, தாம்பத்திய உறவு, கேளிக்கை ஆகியவை விலக்கு. மகிழ்ச்சி தரும் செயல் என்பதால் மறைநூல் கற்பதும் விலக்கப்பட்டுள்ளது. வீட்டில் ஏழு நாளும் ஒரு விளக்கு எரியும். முகம் பார்க்கும் கண்ணாடிகளைத் துணியால் மூடி வைப்பது பரவலான வழக்கம்.

தினக்கூலியை நம்பி வாழ்பவரும் ஏழு நாளும் வேலைக்குப் போகக் கூடாதா?

முதல் மூன்று நாள் அழுகைக்குரியவை என்பதால், பிறர் உதவியில் வாழும் ஏழைக்கும் வேலை விலக்கு என்று யூதர்களின் சட்டத் தொகுப்பான தல்மூத் கூறுகிறது. பிழைப்புக்கு வேறு வழியில்லாதவர் நான்காம் நாளிலிருந்து தம் வீட்டுக்குள், பிறர் கண்ணில் படாமல் வேலை செய்ய அதே நூல் இடம் அளிக்கிறது. அத்தகைய நிலைக்கு ஒருவரைத் தள்ளாமல் தாங்க வேண்டியது அக்கம்பக்கத்தாரின் பொறுப்பு என்பதே மரபின் நிலைப்பாடு.

அடக்கம் வெளிநாட்டில் நடந்து, பிள்ளை ஒரகடத்தில் இருந்தால்?

அடக்கத்துக்குச் செல்ல முடியாதவர், அது நடந்து முடிந்த நேரத்திலிருந்து தாம் இருக்கும் இடத்திலேயே ஷிவா அமரலாம்; வாடகை வீடாக இருந்தாலும் தடையில்லை. இறப்புச் செய்தி தாமதமாக, ஆனால் 30 நாட்களுக்குள் கிடைத்தால், செய்தி கிடைத்த நாளிலிருந்து ஏழு நாள் தொடங்கும். 30 நாட்களுக்குப் பிறகு தெரியவந்தால் சுமார் ஒரு மணி நேரம் அமர்ந்தால் போதும். இறந்தவர் தந்தை அல்லது தாய் என்றால் 12 மாதத்தில் எஞ்சிய காலத்துக்குரிய கட்டுப்பாடுகள் தொடரும்.

முப்பது நாளும் ஓராண்டும்

ஷிவா முடிந்தபின் என்னென்ன கட்டுப்பாடுகள் நீடிக்கும்?

பணிக்குத் திரும்பலாம். ஆனால் 30-ஆம் நாள் காலை வரை சவரம், முடிவெட்டு, விருந்து, இசை நிகழ்ச்சி ஆகியவை தவிர்க்கப்படும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் செவ்வாய்க்கிழமை தொடங்கிய கணக்கு, ஐந்தாவது வாரத்தின் புதன்கிழமை நிறைவடையும். பெற்றோரை இழந்தவர்கள் 12 மாதம் வரை கேளிக்கை விருந்துகளுக்குச் செல்வதில்லை.

‘கடிஷ்’ என்பது இறந்தவருக்கான மந்திரமா?

கடிஷ் அரமேய மொழியில் அமைந்த இறைத்துதி. அதில் மரணம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பெற்றோருக்காகப் பிள்ளைகள் அன்றாட வழிபாடுகளில் 11 மாதம் இதைச் சொல்கின்றனர். தீயவர்களுக்கான தீர்ப்புக் காலம் 12 மாதம் என்பது பழைய நம்பிக்கை. தம் பெற்றோரை அந்த வரிசையில் வைக்கக் கூடாது என்பதால் பிள்ளைகள் ஒரு மாதம் முன்னதாகவே நிறுத்திக்கொள்கின்றனர்.

கடிஷ் சொல்லப் பத்துப் பேர் வேண்டும் என்பது உண்மையா?

உண்மை. இந்த எண்ணிக்கை ‘மின்யன்’ எனப்படும். ஆர்தடாக்ஸ் பிரிவில் 13 வயது நிறைந்த பத்து ஆண்கள் தேவை, சீர்திருத்தப் பிரிவில் பெண்களும் கணக்கில் சேர்வர். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தில் இப்போது உள்ளூர் யூதர்களைக் கொண்டு பத்துப் பேரைச் சேர்க்க முடியாது; வெளியூரிலிருந்து வரும் யூதர்கள் இருந்தால்தான் எண்ணிக்கை நிறையும். அங்கே மூத்தவராக அறியப்பட்ட சாரா கோகன் 2019 ஆகஸ்ட் 30 அன்று 96 வயதிலும், குவீனி ஹலேகுவா 2024 ஆகஸ்டில் 89 வயதிலும் காலமாயினர்.

ஆண்டு நினைவு நாள் ஆங்கிலத் தேதியிலா, திதி போன்ற கணக்கிலா?

திதியைப் போலவே, எபிரேய நாட்காட்டியின் மாதமும் நாளும் பார்க்கப்படுகின்றன. இந்நாள் ‘யார்ட்சைட்’ எனப்படும். எபிரேய மாதம் 29 அல்லது 30 நாள் கொண்டது. 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதம் கூடுதலாகச் சேரும் என்பதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். நாள் சூரிய மறைவில் தொடங்குவதால், இரவு 8 மணிக்கு இறந்தவருக்கு மறுநாளுக்குரிய எபிரேயத் தேதியே நினைவு நாள். அன்று 24 மணி நேரம் எரியும் விளக்கு ஏற்றப்பட்டு, கடிஷ் சொல்லப்படும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் யூதர்கள் வாழ்ந்திருக்கிறார்களா?

17-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசிய யூத வணிகர்கள் சென்னையில் குடியேறி, பவளத்தை இறக்குமதி செய்து கோல்கொண்டா வைரத்தை ஏற்றுமதி செய்தனர்; மண்ணடியின் பவளக்காரத் தெரு அந்த வணிகத்தின் நினைவைத் தாங்கி நிற்கிறது. அவர்களில் ஒருவரான ஜாக் டி பைவா 1687-இல் சென்னையில் இறந்தார். 1688-இல் தொடங்கிய சென்னை மாநகராட்சியின் முதல் ஆல்டர்மேன்களில் யூத வணிகர்களும் இடம்பெற்றனர். அண்டை மாநிலமான கேரளத்தின் சேந்தமங்கலத்தில், 1269-ஆம் ஆண்டைச் சேர்ந்த சாரா என்ற பெண்ணின் எபிரேயக் கல்லறைக் கல் உள்ளது.

இப்பகுதியில் யூதர் ஒருவர் இறந்தால் அடக்கம் எங்கே நடைபெறும்?

சென்னையில் அவ்வை சண்முகம் சாலை எனப் பெயர் மாறிய லாயிட்ஸ் சாலையில், சீனர், பஹாய் கல்லறைத் தோட்டங்களை அடுத்து யூதர் கல்லறைத் தோட்டம் ஒன்று உள்ளது. சில கல்லறைகள் மட்டுமே கொண்ட சிறிய இடம் அது. ஸ்ரீபெரும்புதூர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்த பெங்களூருவில், மைசூர் சாலையிலும் யூதர் கல்லறைத் தோட்டம் உண்டு. எங்கே அடக்கம் செய்வதானாலும் இடத்தைப் பராமரிப்போரின் ஒப்புதலும் உள்ளாட்சி விதிகளும் பொருந்தும்.

இறப்பைப் பதிவு செய்யக் காலக்கெடு எவ்வளவு?

1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். மதம், குடியுரிமை எதுவாயினும் இது பொருந்தும். 21 நாளைக் கடந்து 30 நாட்களுக்குள் என்றால் தாமதக் கட்டணம் உண்டு. 30 நாள் முதல் ஓராண்டு வரை உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதியும், ஓராண்டுக்கு மேல் நடுவரின் உத்தரவும் தேவை. மருத்துவமனையில் இறந்தால் மருத்துவமனையும், வீட்டில் இறந்தால் குடும்பத் தலைவரும் தகவல் அளிக்க வேண்டும்.

உடலை வெளிநாட்டுக்கு அனுப்ப என்ன தேவை?

இறப்புச் சான்று, போலீஸ் தடையின்மைச் சான்று, உடல் பதப்படுத்தப்பட்டதற்கான சான்று, இறந்தவரின் நாட்டுத் தூதரகத்தின் தடையின்மைச் சான்று, ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட் ஆகியவை பொதுவாகக் கேட்கப்படுகின்றன. பதப்படுத்துதலை யூத மரபு தவிர்ப்பதால், அதற்கு முன் குடும்பத்தினரிடமும் தூதரகத்திடமும் கேட்பது அவசியம். இஸ்ரேல் குடிமக்கள் என்றால் தென்னிந்தியாவுக்கான அந்நாட்டுத் துணைத் தூதரகம் பெங்களூருவில் உள்ளது. பிற நாட்டு யூதர்களுக்கு அவரவர் நாட்டுத் தூதரகமே பொறுப்பு.

தொழிற்சாலையில்

ஏழு நாள் துக்க விடுப்பு தர வேண்டும் என்று சட்டம் உள்ளதா?

தனியார் ஆலைகளில் துக்க விடுப்பு என்று தனியாக எதையும் இந்தியத் தொழிலாளர் சட்டங்கள் கட்டாயமாக்கவில்லை. நிறுவனத்தின் விடுப்பு விதிகளே முடிவு செய்யும். அவ்விதிகளில் இடமில்லாவிட்டால், 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சேரும் ஊதிய விடுப்பைப் பயன்படுத்தலாம். அதற்குக் குறைந்தபட்ச வேலை நாள் நிபந்தனை உண்டு. மூன்று நாள் துக்க விடுப்பு மட்டும் தரும் நிறுவனத்தில் யூதர் ஒருவருக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது, வார விடுமுறை நீங்கலாக, பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நாளே.

இ.எஸ்.ஐ. வழங்கும் ஈமச்சடங்குத் தொகை எந்த மதத்தவருக்கு, எவ்வளவு?

மதம் பார்க்கப்படுவதில்லை, எரியூட்டல், அடக்கம் இரண்டுக்கும் பொருந்தும். மாத ஊதியம் ரூ.21,000 வரை பெற்று இ.எஸ்.ஐ.யில் காப்பீடு செய்யப்பட்ட தொழிலாளர் இறந்தால் அதிகபட்சம் ரூ.15,000 வழங்கப்படும். குடும்பத்தின் மூத்த உறுப்பினரோ, குடும்பம் இல்லாவிட்டால் உண்மையில் செலவு செய்தவரோ மூன்று மாதத்துக்குள் கோர வேண்டும். தொழிலாளரின் உறவினர் இறந்தால் இத்தொகை கிடையாது.

துக்கம் விசாரிக்கச் செல்லும்போது

மாலை, மலர்வளையம் கொண்டு செல்லலாமா?

யூத மரபில் மலர் வழக்கம் இல்லை. இறந்தவர் நினைவாக ஏழைகளுக்கு நன்கொடை அளிப்பதே மரியாதை. கல்லறைக்குச் செல்பவர்கள் ஒரு சிறு கல்லை அதன்மேல் வைத்து வருவர். சாவு நேர்ந்த தமிழ் வீடுகளில் அடுப்பு எரியாமல் அக்கம்பக்கத்தார் சோறு கொண்டு வருவதைப் போல, இங்கும் அடக்கத்துக்குப் பின் முதல் உணவு பிறர் தர வேண்டும்; உருண்டை வடிவம் வாழ்க்கைச் சுழற்சியை உணர்த்துவதால் அவித்த முட்டையும் பருப்பும் அதில் இடம்பெறும். உணவு விதிகள் கடுமையானவை என்பதால் சமைத்த உணவுக்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது. முழுப் பழங்களால் சிக்கல் இல்லை.

அந்த வீட்டுக்குச் சென்றால் தீட்டு உண்டா? குளிக்க வேண்டுமா?

ஷிவா வீட்டுக்குச் சென்று வருபவர் குளிக்க வேண்டியதில்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து வெளியே வரும்போது கைகளைக் கழுவுவது மட்டுமே வழக்கம். ‘கோகன்’ எனப்படும் குருக்கள் வழியினர், ஏழு நெருங்கிய உறவினரின் இறப்பைத் தவிர, கல்லறைத் தோட்டத்துக்குள் செல்வதில்லை.

அங்கே என்ன பேசுவது, எவ்வாறு விடைபெறுவது?

கதவு பெரும்பாலும் தாழிடப்படாமல் இருக்கும். அழைப்பு மணி அடிக்காமல் உள்ளே சென்று அமரலாம். விவிலியத்தில் துயருற்ற யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவருடன் பேசாமல் அமர்ந்திருந்ததை முன்மாதிரியாகக் கொண்டு, துக்கப்படுபவர் முதலில் பேசும்வரை வந்தவர் காத்திருப்பார். வணக்கம் சொல்வதோ கைகுலுக்குவதோ இல்லை. ‘போய் வருகிறேன்’ என்று தமிழர்கள் சாவு வீட்டில் சொல்லாததைப் போல, இங்கும் வழக்கமான விடைபெறல் இல்லை. இறைவன் ஆறுதல் தரட்டும் என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொல்லி எழுந்து வரலாம்.

ஷிவா எவ்வாறு முடிகிறது? பணிக்குத் திரும்பியவருக்கு உடன் பணிபுரிவோர் எந்த வகையில் உதவலாம்?

ஏழாம் நாள் காலையில் தாழ்வான இருக்கையிலிருந்து எழுந்து, குடும்பத்தினருடன் வெளியே வந்து, தெருவில் சிறிது தூரம் நடந்துவிட்டுத் திரும்புவது பல சமூகங்களின் வழக்கம். அந்த நடையுடன் அவர் வெளியுலகுக்குத் திரும்புகிறார். துக்கம் முடிந்துவிட்டதாகப் பொருள் இல்லை. 30 நாள் வரை மழிக்காத முகத்துடன் ஷிப்டுக்கு வருபவரிடம் காரணம் கேட்காமல் இருப்பதும், நினைவு நாளன்று அவருக்காக ஷிப்டு மாற்றிக்கொள்வதும் அவருக்குப் பெரிய ஆறுதலாக அமையும்.